கொங்கு நாட்டில் கூட்டு ஸ்தாபனங்கள்: சீன தேசத்து அனுபவத்துடன் ஓர் ஒப்பீடு

குடியானவன் தன் நிலத்தைத் தனியே உழுதாலும், தனியே பிழைத்துவிட முடியாது. கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தல், வாய்க்காலைத் தூர் எடுத்தல், கடன் பெறுதல், விளைந்ததை விற்றல் ஆகிய எல்லாக் காரியங்களிலும் அவன் பிறரோடு சேர்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது. பலர் கூடி ஒரு நோக்கத்தை முன்னிட்டு, பொறுப்புகளைப் பகிர்ந்து ஏற்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்தாபனம் என்று பெயர். இவற்றுள் சில நூற்றாண்டுக்கணக்கில் நிலைத்திருக்கின்றன. வேறு சில, பதிவான இரண்டொரு வருஷங்களிலேயே பெயர்ப்பலகையும் கணக்குப் புத்தகமுமாக மிஞ்சிவிடுகின்றன. இதற்குக் காரணம் யாது என்பது சமூக சாஸ்திரத்தில் ஒரு முக்கியமான ஆராய்ச்சியாகும். சீன தேசத்துக் கிராமங்களைப் பற்றி இத்துறையில் மிக விரிவான நூல்கள் வெளிவந்துள்ளன. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்குப் பங்குத்தொகை செலுத்துமாறு குடியானவர்களைக் கேட்டுவரும் இக்காலத்தில், அவ்வாராய்ச்சியின் முடிவுகளைக் கொங்கு நாட்டு அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பிரயோஜனமாயிருக்கும்.

கூட்டமும் காணியும்

கொங்கு நாடு முற்காலத்தில் இருபத்துநான்கு நாடுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பது வழக்கு. வேளாளக் குடிகள் தூரன், பயிரன், கண்ணன், செங்கண்ணன், ஓதாளன், அந்துவன் முதலிய பல கூட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று காணியூரும் குலதெய்வக் கோயிலும் உடையதாயிருக்கிறது. ஒரே கூட்டத்தார் பங்காளிகளாவர். அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. மணஉறவு வேறு கூட்டத்தாரோடு நடப்பதால், ஒவ்வொரு குடும்பத்திற்கும் பங்காளி முறையில் ஒரு தொடர்பும், மாமன் மைத்துனர் முறையில் மற்றொரு தொடர்பும் உண்டாகின்றன. பிரெண்டா பெக் என்னும் அறிஞர் 1960-களின் நடுப்பகுதியில் காங்கேயம் பகுதியைச் சேர்ந்த கண்ணபுரம் கிராமத்தில் தங்கி இவ்வமைப்பை ஆராய்ந்து, 1972-இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வுறவு முறைகள் எழுதாத சட்டங்களாய் இருந்து, ஆபத்துக் காலத்தில் உதவியும் ஜாமீனும் அளித்து வந்தன. கலியாணத்தில் எழுதும் மொய்க்கணக்கும் இவ்வகையதே. ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. கூட்டத்திற்கு உள்ளே இருப்பவர்க்கு எளிதாகக் கிடைத்த நம்பிக்கை, வெளியே இருந்தவர்க்குக் கிடைக்கவில்லை. தோட்டங்களில் பாதி வேலையைச் செய்த பண்ணையாட்களும், கவலை ஏற்றத்திற்குத் தோல் பறி தைத்துக் கொடுத்தவர்களும், பெண்மக்களும் கிராமத்துக் கூட்டங்களில் பேச உரிமையின்றியே நெடுங்காலம் இருந்தனர். உறவை மட்டும் அடிப்படையாகக் கொண்ட ஸ்தாபனம் எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

சீன தேசத்திலும் இத்தகைய நிலைமையே காணப்பட்டது. அந்நாட்டுச் சமூக சாஸ்திரிகளில் புகழ்பெற்ற பேய் சியாவ்துங் என்பவர் 1940-களின் பிற்பகுதியில் எழுதிய ஒரு நூலில், சீனக் கிராமத்து உறவுகளைக் குளத்தில் எறிந்த கல்லினின்று எழும் அலை வட்டங்களுக்கு ஒப்பிட்டார். நடுவிலுள்ள மனிதனுக்கு அருகேயிருக்கும் வட்டம் வலுவாகவும், விலக விலக மெலிந்தும் இருக்கும். ஆகவே ஒருவன் தனக்கு நெருங்கியவர்பால் கடமையை உணர்வான். முகமறியாத பொதுஜனங்களின் சொத்தைப் பாதுகாப்பதில் அவ்வளவு கருத்துக் காட்டமாட்டான். சங்கத்துக் காரியதரிசி தன் மைத்துனனிடம் வாய்தா கடந்த கடனைக் கேட்கக் கூசுவதைப் பார்த்தவர்களுக்கு இவ்வுவமையின் பொருள் விளங்கும்.

தண்ணீர் கற்பித்த ஒழுங்கு

உறவுக்கு அப்பாலும் ஒழுங்கான ஸ்தாபனம் நடைபெறக்கூடும் என்பதற்குத் தண்ணீரே சிறந்த உதாரணம். பவானி ஆறு காவிரியோடு கலக்கும் இடத்திற்குச் சற்று மேலே அணை கட்டி வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால், பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்னும் தலைவனால் ஏற்பட்டதென்று கூறப்படுகிறது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாய்க்கால் இன்றும் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் வாழைக்கும் பாய்கிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த பின்னும் கிணற்றை மட்டும் கூட்டாக வைத்துக்கொண்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வகுத்து இறைத்துக்கொள்ளும் வழக்கமும் கொங்கு நாட்டில் பரவலாக உண்டு.

1948-இல் தொடங்கி 1955-இல் முடிவடைந்த கீழ்பவானித் திட்டம் இதைப் பெரிய அளவில் செய்தது. சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயில் 2,07,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. இவ்வளவு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் நன்செய்ப் பாசனம் அளிக்கத் தண்ணீர் போதாது. ஆதலால் மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரண்டாக வகுக்கப்பட்டன. ஒரு வகுப்புக்கு ஆடி ஆவணியில் தொடங்கும் போகத்தில் நன்செய்க்குத் தண்ணீர் விடப்படும். மற்ற வகுப்புக்குத் தை மாதத்தை ஒட்டிய போகத்தில் புன்செய்க்கு விட்டு விட்டுத் தண்ணீர் கிடைக்கும். அடுத்த வருஷம் இம்முறை மாறும். இவ்வேற்பாட்டில் மூன்று அம்சங்கள் கவனிக்கத் தக்கவை. யாருக்கு எப்போது உரிமை என்பது முன்னரே தெரிந்திருக்கிறது. முறை தவறினால் பக்கத்துத் தோட்டக்காரரின் கண்ணுக்கு அது உடனே தெரிகிறது. இவ்வருஷம் விட்டுக்கொடுத்தவர் அடுத்த வருஷம் பெறுகிறார்.

எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் உலகத்தின் பல பாகங்களிலுமுள்ள பாசனம், மேய்ச்சல், காடு, மீன்பிடிப்பு ஆகியவற்றை நிர்வகிக்கும் கிராமக் கூட்டங்களை ஆராய்ந்து 1990-இல் ஒரு நூல் எழுதினார். 2009-இல் பொருளாதாரத்துக்குரிய நோபல் பரிசையும் பெற்றார். நீடித்து நிற்கும் அமைப்புகளில், எல்லை தெளிவாயிருத்தல், விதிகளைச் செய்வதில் அனுபோகக்காரர்களுக்குக் குரல் இருத்தல், கண்காணிப்பு, குற்றத்திற்கேற்பப் படிப்படியான தண்டனை ஆகியவை காணப்படுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. ராபர்ட் வேட் என்பவர் ஆந்திர தேசத்துக் கால்வாய்க் கிராமங்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட நூலும் கருதத்தக்கது. தண்ணீர் தாராளமாய்ப் பாயும் தலைமடைக் கிராமங்களைவிட, தட்டுப்பாடு மிகுந்த கடைமடைக் கிராமங்களிலேயே பொதுநிதியும் நீர்பாய்ச்சும் ஆட்களும் கொண்ட உறுதியான அமைப்புகள் இருந்தன என்று அவர் காட்டினார். தேவை உள்ள இடத்தில்தான் ஸ்தாபனம் வேரூன்றும் என்பது இதனால் பெறப்படும்.

சந்தையும் சீட்டும்

குடியானவன் அறிந்த உலகம் தன் கிராமத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது சந்தை வரையில் விரிந்திருக்கிறது. வில்லியம் ஸ்கின்னர் என்னும் அறிஞர், சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் தாம் கண்டதை வைத்து 1964-65-இல் எழுதிய கட்டுரைகளில், சுமார் 18 கிராமங்களும் 1,500 குடும்பங்களும் சேர்ந்த ஒரு சந்தை வட்டமே சீனக் குடியானவரின் உண்மையான சமூகம் என்று கூறினார். பெண் கொடுப்பதும், தரகர் அமைவதும், செய்தி பரவுவதும் அந்த வட்டத்துள்ளேயே நிகழ்ந்தன. வாரந்தோறும் சந்தைக்குச் செல்லும் கொங்குக் குடியானவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இன்னார் சொன்ன சொல் தவறாதவர், இன்னார் எடையில் குறைப்பவர் என்னும் தீர்ப்பு அங்கேதான் வழங்கப்படுகிறது.

இந்த நாணயத்தை மூலதனமாக்கும் ஏற்பாடு சீட்டு. உதாரணமாக, இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் செலுத்தினால் சேரும் தொகை 1,00,000 ரூபாய். அவசரமுள்ள ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்கு 80,000 ரூபாய் கிடைக்கும். தள்ளுபடியில் நடத்துபவரின் கமிஷன் 5,000 ரூபாய் போக, மீதி 15,000 ரூபாய் இருபது பேருக்கும் தலைக்கு 750 ரூபாயாகப் பகிரப்படும். சீனாவிலும் ‘ஹுய்’ என்ற பெயரில் இதையொத்த சுழல்நிதிக் கூட்டங்கள் தொன்றுதொட்டு வழங்கி வந்தன. இதன் பலம், அங்கத்தினர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே. பலவீனமும் அங்கேயே தோன்றுகிறது. முகமறியாதவர்கள் சேர்ந்து தொகை பெரிதாகும்போது, முதலில் எடுத்தவர் பின்னர்க் கட்டாமல் நின்றாலோ, நடத்துபவர் ஓடிப்போனாலோ கேட்பாரில்லை. ஆகையால் பதிவு செய்யாத சீட்டில் பணம் போடுதல் ஆபத்து என்பதைக் குடியானவர்கள் மறக்கலாகாது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் பதிவையும் ஈட்டுத்தொகையையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஐக்கிய நாணய சங்கம்

அறிமுகத்தினால் வரும் நம்பிக்கையையும் சட்டத்தினால் வரும் பாதுகாப்பையும் ஒன்றுசேர்க்கும் முயற்சியே கூட்டுறவு இயக்கம். இதன் தொடக்கத்தில் கோயமுத்தூருக்கும் தொடர்பு உண்டு. 1887-இல் கோயமுத்தூர் ஜில்லா மானுவலைத் தொகுத்த பிரெடரிக் நிக்கல்ஸன் துரையே, பின்னர்ச் சென்னை ராஜதானியில் விவசாய பாங்குகள் ஏற்படுத்துவதைப் பற்றி ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைஸன் என்பவர் நடத்திய கிராமக் கடன் சங்கங்களை அவர் முன்மாதிரியாகக் காட்டினார். அச்சங்கங்கள் சிறிய வட்டத்துக்குள் நின்றன. அங்கத்தினர் யாவரும் சங்கத்தின் கடனுக்கு முழுப் பொறுப்பேற்றனர். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே சென்னைக்கு அருகிலுள்ள திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. 1912-ஆம் ஆண்டின் சட்டம் விற்பனை முதலிய பிற துறைகளுக்கும் சங்கம் அமைக்க இடமளித்தது.

முழுப் பொறுப்பு என்னும் விதி கடுமையாகத் தோன்றினும் அதில் ஒரு நுட்பம் இருந்தது. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் பணம் போகுமாதலால், யாருக்குக் கடன் கொடுக்கலாம், வாங்கிய கடன் விதைக்குப் போயிற்றா விருந்துக்குப் போயிற்றா என்று ஊரே கவனித்து வந்தது. பிற்காலத்தில் பணம் மேலிருந்து வரத் தொடங்கவே, இக்கவனம் தளர்ந்தது. அங்கத்தினர் தம்மை உடைமைக்காரர் என்று எண்ணாமல், கடன் வாங்குவோர் என்று மட்டுமே எண்ணலாயினர். சங்கம் நஷ்டமடைந்தால் அது ஸர்க்காரின் நஷ்டம் என்னும் எண்ணம் பரவிய இடங்களில் சங்கம் உயிரற்றுப் போயிற்று.

சீன தேசத்துப் பட்டு ஆலை

இதே படிப்பினையைச் சீனத்திலும் காணலாம். பேய் சியாவ்துங் 1936-இல் தாய் ஏரியின் தென்கிழக்குக் கரையிலுள்ள காய்சியாங்குங் என்னும் கிராமத்தை ஆராய்ந்து 1939-இல் நூல் வெளியிட்டார். அவ்வூரார் நெல் விளைவித்தும் பட்டுப்புழு வளர்த்தும் பிழைத்தவர். வீடுகளில் நூற்ற பட்டுக்கு விலை குறையவே, பட்டுத்தொழிற் பள்ளியினரின் உதவியால் 1929-இல் கிராமத்தாரே பங்குதாரராயுள்ள கூட்டுறவு நூற்பு ஆலை ஏற்பட்டது. பேய் அவர்களின் தமக்கையாரும் இம்முயற்சியில் பெரும்பங்கு கொண்டிருந்தார். தொடக்கத்தில் லாபப் பங்கு கிடைத்தது, ஊரார் மகிழ்ந்தனர். பின்னர் உலகப் பொருளாதார மந்தத்தால் பட்டு விலை விழவே, லாபம் நின்றது. அங்கத்தினரின் ஆர்வமும் குன்றியது. ஆலையின் நிர்வாகமும் கணக்கும் தொழில் கற்ற சிலருக்கே விளங்கியமையால், பங்குதாரராயிருந்தும் பெரும்பாலோர் அதை வெளியார் கொண்டுவந்த காரியமாகவே கருதினர். நல்ல நோக்கமும் நல்ல யந்திரமும் இருந்தபோதிலும், அங்கத்தினர்க்கு அறிவும் அதிகாரமும் சேராத குறை அங்கே வெளிப்பட்டது.

1958-இல் சீன ஸர்க்கார் குடியானவர் அனைவரையும் மக்கள் கம்யூன்கள் என்னும் பேரமைப்புகளில் சேர்த்தது. நிலமும், கருவியும், சமையற்கட்டும்கூடப் பொதுவாக்கப்பட்டன. கீழதிகாரிகள் மேலிடத்தை மகிழ்விக்க மகசூலை மிகைப்படுத்திக் காட்டினர். அந்தக் கணக்கின்படி தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் கோடிக்கணக்கான மக்கள் மாண்டனர். 1978-இல் ஆன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பத்தார் இரகசியமாக உடன்பட்டு, நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துப் பயிரிட்டனர். சில வருஷங்களில் அம்முறை தேசமெங்கும் பரவிற்று. கணக்கில் பொய் புகுந்தால், எத்துணைப் பெரிய ஸ்தாபனமும் மக்களுக்குத் தீங்காய் முடியும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கிராமக் கணக்கு எழுதும் உத்தியோகஸ்தர்கள் இதைச் சிறப்பாக மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

குடும்பவாரிச் சாகுபடி வந்தபின் சிறு குடியானவன் சந்தையில் தனியனானான். ஆகவே 2007-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து சீனாவில் உழவர் கூட்டுறவுகளுக்கென்று தனிச் சட்டம் அமலுக்கு வந்தது. பெருந்தொகையான சங்கங்கள் பதிவாயின. ஆனால் அவற்றுள் பல, மானியத்தைக் கருதி வியாபாரி ஒருவரோ செல்வர் ஒருவரோ பெயரளவில் தொடங்கியவை என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். 2019-இல் அத்தகைய வெறுங்கூடுச் சங்கங்களைக் களையும்படி அந்நாட்டு ஸர்க்காரே உத்தரவிட நேர்ந்தது.

திருப்பூரின் அனுபவம்

சென்னை ராஜதானியில் 1933-ஆம் வருஷத்து வியாபாரப் பயிர்கள் சந்தைச் சட்டத்தின் கீழ் முதலாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-இல் பருத்திக்காகத் திருப்பூரில் ஏற்பட்டது. எடையும் விலையும் பலர் முன்னிலையில் தீர்மானிக்கப்படுவதே அதன் சிறப்பு. அதே ஊர் பின்னர்ப் பனியன் தொழிலில் உலகப் புகழ் பெற்றது. ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் 2004-இல் வெளியிட்ட நூலில், திருப்பூர் முதலாளிகளில் பலர் தோட்டத்திலிருந்து கூலிக்காரராய் வந்து, உறவினரோடும் உடன் உழைத்தவரோடும் பங்கு சேர்ந்து சிறு ஆலைகளைத் தொடங்கியவர் என்று காட்டினார். பண்ணையத்தில் கற்ற பாடுபடும் பழக்கமும், சந்தையில் பெற்ற நாணயமும் அவர்களுக்கு முதலாயின. எனினும் அந்த வாய்ப்பு எல்லா ஜாதியினர்க்கும், பெண்களுக்கும் சமமாகக் கிட்டவில்லை என்பதையும் அந்நூல் எடுத்துரைக்கிறது.

இப்பொழுது கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத் திருத்தத்தால் உற்பத்தியாளர் கம்பெனி என்னும் புது அமைப்புக்கு வழி ஏற்பட்டது. பத்துப் பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பங்கு எத்தனை இருப்பினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஓர் ஓட்டே. நிர்வாகிகள் ஐந்து முதல் பதினைந்து பேர். 2020-இல் பத்தாயிரம் அமைப்புகளை உண்டாக்கும் மத்திய ஸர்க்கார் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷங்களுக்கு மொத்தம் 18 லக்ஷம் ரூபாய் வரையிலும், பங்குத்தொகைக்கு ஈடாக அங்கத்தினர் தலைக்கு 2,000 ரூபாய் வரையிலும், ஒரு கம்பெனிக்கு 15 லக்ஷம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் வகுக்கப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான உதவி மூன்று வருஷத்தோடு முடிகிறது. நான்காம் வருஷத்தில் மானேஜரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதே அங்கத்தினர் முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி.

பங்கு சேருமுன் குடியானவர்கள் பின்வருவனவற்றை விசாரித்தறிதல் நலம்:

1. ஸ்தாபனம் செய்யப்போகும் காரியம் இன்னது என்று தெளிவாயிருக்கிறதா? மஞ்சள் வேகவைத்து மெருகேற்றி விற்பதோ, தேங்காயைக் கொப்பரையாக்குவதோ, தீவனம் மொத்தமாய் வாங்குவதோ, ஒன்றைச் செவ்வையாய்ச் செய்யும் சங்கம் பத்தைச் சொல்லும் சங்கத்தினும் மேல்.

2. அங்கத்தினர் தம் விளைபொருளில் ஒரு பகுதியையாவது சங்கத்தின் மூலம் விற்கிறார்களா? பங்குச் சீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு மண்டிக்கே சரக்கைக் கொண்டுபோனால் சங்கம் நடவாது.

3. வரவுசெலவு மாதந்தோறும் தமிழில் எழுதி யாவரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படுகிறதா? வருடாந்தரக் கூட்டத்திற்கு அங்கத்தினரில் நாலில் ஒரு பங்கினர் வர வேண்டும் என்னும் சட்டம், கையெழுத்து வாங்குவதால் மட்டும் நிறைவேறிவிட்டதாகாது.

4. நிர்வாகிகள் ஒரே குடும்பத்தாரோ ஒரே கூட்டத்தாரோ ஆக இருக்கின்றனரா? உறவு இருப்பது குற்றமன்று. ஆனால் கணக்குப் பார்ப்பவர் கணக்கு எழுதுபவருக்கு உறவினராயிருத்தல் தகாது.

5. சிறு நிலக்காரர், குத்தகைதாரர், பெண்கள் ஆகியோர்க்கு இடம் உண்டா? பாலும் ஆடும் கோழியும் பெரும்பாலும் பெண்மக்களின் பராமரிப்பில் இருக்க, அவற்றின் விற்பனைச் சங்கத்தில் அவர்கள் பெயர் இல்லாதிருப்பது முரண்.

6. கடன் தவணை தவறியவர்க்கும், தரம் குறைந்த சரக்கைக் கலந்தவர்க்கும் என்ன நடவடிக்கை என்று விதி இருக்கிறதா? அது யாவருக்கும் ஒன்றேபோல் செலுத்தப்படுகிறதா?

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை

1980-இல் மணியம், கர்ணம் முதலிய பழைய உத்தியோகங்கள் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்பட்டது. பழைய அதிகாரம் வீட்டோடு வந்தது. புதிய அதிகாரம் விதியோடு வருகிறது. ஆகவே சங்கங்களுக்கு அவர்கள் செய்யக்கூடிய உதவி பெரிது. பட்டா, அடங்கல், சாகுபடி விவரம் ஆகியவற்றைக் குத்தகைதாரரையும் விடாமல் உள்ளபடி எழுதித் தந்தால், உண்மையான சாகுபடியாளர் அங்கத்தினராக முடியும். எண்ணிக்கையைக் காட்டும் பொருட்டுப் பெயர்களைச் சேர்த்துத் தருவது, சீன தேசத்து வெறுங்கூடுச் சங்கங்களையே இங்கும் உண்டாக்கும். இலாகா அதிகாரிகள் தொடக்கக் காலத்தில் வழிகாட்டலாமேயன்றி, விலை பேசுவதும் மானேஜரை நியமிப்பதும் அங்கத்தினரின் உரிமையாகவே இருக்க வேண்டும்.

கீழ்பவானி மதகுகளில் முறை மாறுவது எல்லாக் குடியானவருக்கும் தெரிந்திருக்கிறது. அதை யாரும் மறைக்க முடியாது. சங்கத்தின் பணமும் சரக்கும் அவ்வாறே யாவர் கண்ணிலும் படும்படி நடைபெறுமானால், உறவுக்காரரும் அயலாரும் ஒரே நம்பிக்கையோடு அதிற் சேர்வர். பங்குத்தொகை கட்டியிருக்கும் குடியானவர்கள் அடுத்த வருடாந்தரக் கூட்டத்திற்குத் தவறாமல் சென்று, ஐந்தொகைக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்து, விளங்காததை விசாரித்துத் தெரிந்துகொள்வார்களாக.